கதவைச் சாத்திக்கொண்டு தரை துடைத்தது

போன வாரம் அடையாறில் ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்தது. நான் ரிப்பேர் பண்ணிக் கொடுத்த ஃபேன் தூசியைக் கொட்டுகிறதாம். உடனே வரவேண்டுமாம்.

ஃபேன் தூசி பண்ணாது. இருக்கிற காற்றைத் தள்ளும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். இதை வாடிக்கையாளரிடம் சொல்ல முடியுமா? ஸ்க்ரூ டிரைவரைப் பையில் சொருகிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

கூடத்தில் ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே வேலைக்கார அம்மாள் பெருக்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் ஓரமாக நின்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“பார்த்தியாப்பா? எப்படிக் கொட்டறது பார்!”

பார்த்தேன்.

“பெருக்கும்போது ஃபேனை நிறுத்தலாம் சார்.”

“நிறுத்தினா தூசி எப்படி வெளியில போகும்?” என்றார். “நான் கேக்கறது என்னன்னா... இன்னும் கொஞ்சம் ஸ்பீடு ஏத்த முடியுமா? ஒரே தள்ளா ஜன்னல் வழியா தள்ளிடும் பாரு.”

“ஸ்பீடு வேண்டாம் சார். ஈரத் துணியால துடைக்கச் சொல்லுங்க. ஜன்னலைத் திறந்து வையுங்க.”

அவர் முகம் விழுந்துவிட்டது. “அதுக்கு மெக்கானிக் எதுக்கு?” என்றார்.

நியாயமான கேள்வி. நான் சிரிக்கவில்லை. இவர் ஸ்பீடு ஏற்றலாமா என்று கேட்கத்தான் செய்தார். நான் ஏற்றியே பார்த்தவன்.

அந்தக் கதையைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். கதையில் நானும் ஒரு துணியும் ஒரு வாளியும்தான் முக்கியம். பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

கல்யாணமான புதிது. மந்தைவெளியில் ஒரு வீட்டின் பின் போர்ஷனில் இருந்தோம். ஒரே அறை. மூலையில் சமையல், பக்கத்தில் பாத்திரம் கழுவ ஒரு சின்ன அங்கணம். மேலே ஓடு. கீழே சிவப்பு சிமெண்டுத் தரை. சிவப்பு பாதி போய்விட்டது, சிமெண்டும் பாதி போய்விட்டது. விரிசல் மட்டும் குறையில்லாமல் இருந்தது.

முன் போர்ஷனில் வீட்டுக்கார மாமாவும் மாமியும். நடு போர்ஷனில் ஒரு பஸ் கண்டக்டர், அவர் சம்சாரம் ராணியம்மா. எல்லோருக்கும் முற்றத்தில் ஒரே குழாய். கடை தி.நகரில். நானும் ஏகாம்பரம் என்ற சிநேகிதனும் சேர்ந்து போட்டது. ஃபேன், மோட்டார், காயில் சுற்றுவது.

என் மனைவி சொர்ணம் கோவில்பட்டிக்காரி. திடமான பெண். மெட்ராஸ் வந்து கொஞ்ச நாளில் இழுப்பு வந்துவிட்டது. மூச்சை இழுக்கும்போது உள்ளே ஒரு சத்தம் — பேரிங் போன ஃபேன் போடுகிற சத்தம். எனக்குத் தெரிந்த ஒப்பு அதுதான். ஃபேனாக இருந்தால் பிரித்துப் பார்த்திருப்பேன்.

குழாயடியிலிருந்து குடத்தைத் தூக்கி வந்தால் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு நிற்பாள். பேச ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திக் கையைக் காட்டுவாள் — ‘இரு, மூச்சு வரட்டும்’ என்று. படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவாள்.

ஆடி மாதம் வந்தது. புதுப் பெண் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும். மாமனார் வந்து கூட்டிக்கொண்டு போனார். அங்கே போனதும் இழுப்பு நின்றுவிட்டது. ஆவணியில் கொண்டு வந்து விட்டார். விட்ட மறுநாளே இழுப்பு மறுபடி வந்தது.

மாமனார் கோவில்பட்டியில் பருத்தி மண்டி வைத்திருந்தவர். பேச்சில் சுற்றி வளைக்க மாட்டார். மகள் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் சொன்னார்.

“மாப்ளே, ஒண்ணு சொல்லுதேன். கோவிச்சுக்கிடக் கூடாது. தலை தீபாவளிக்கு ரெண்டு பேரும் வருவீய. அதுவரைக்கும் புள்ளைக்கு இப்படித்தான் இழுத்துச்சுன்னு வைங்க... நீங்க மட்டும்தான் மெட்ராசுக்குத் திரும்புவீய. இவ எங்ககூட இருக்கட்டும்.”

“சரி மாமா” என்றேன்.

வேறு என்ன சொல்வது? நானும் கோவில்பட்டிக்கே போய்விடலாம். ஆனால் அங்கே ரிப்பேர் பண்ணுகிற அளவுக்கு ஃபேன் வேண்டுமே?

மாமனார் போன பிறகு சொர்ணம் என் சட்டையை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

ஆக, தீபாவளிக்குள் எங்கள் அறையின் காற்றைச் சரி பண்ண வேண்டும். காற்று என் தொழில்தானே?

கடையில் ஒரு பெரிய நிற்கிற ஃபேன் கிடந்தது. கல்யாண மண்டபத்து ஃபேன். கொடுத்தவர் திரும்பி வரவே இல்லை. ரிப்பேர் பண்ணி, வேகத்தையும் கூட்டி, ரிக்‌ஷாவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். சொர்ணத்தின் பாய்க்கு எதிரில் நிறுத்திப் போட்டேன். சுவரில் இருந்த காலண்டர் கிழிந்தது.

மாமியார் ஒரு உத்தரவு போட்டிருந்தார். இழுப்புக்காரிக்கு ஈரம் ஆகாது. ஈரத்தில் கால் வைக்கக் கூடாது, கை வைக்கக் கூடாது. ஆகவே எங்கள் தரை தண்ணீரையே பார்த்ததில்லை. அதற்கு ஈடாக சொர்ணம் பெருக்கினாள். சுத்தக்காரி. எழுந்ததும் பெருக்குவாள். சமைத்ததும் பெருக்குவாள். சாப்பிட்டதும் பெருக்குவாள். விளக்கு வைப்பதற்கு முன்னால் கட்டாயம் பெருக்குவாள்.

கடல் காற்று ஆகாது என்று ராணியம்மா சொன்னதால் ஜன்னலைச் சாத்தினோம். சாம்பிராணி நல்லது என்று மாமி சொன்னதால் புகை போட்டோம்.

யோசித்துப் பாருங்கள். ஜன்னல் சாத்தியிருக்கிறது. உள்ளே சாம்பிராணி. அவள் பெருக்குகிறாள். மண்டபத்து ஃபேன் ஓடுகிறது. இவ்வளவு வைத்தியம் பார்த்தும் ஏன் குறையவில்லை என்று எங்களுக்குப் புரியவில்லை.

மயிலாப்பூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் சொர்ணத்தின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். அப்புறம் என்னிடம் கேட்டார்.

“வீட்டில தூசி உண்டா?”

“தூசியே கிடையாது டாக்டர். எந்நேரமும் பெருக்கிக்கிட்டேதான் இருக்கோம்.”

“யார் பெருக்கறது?”

“இவதான்.”

“ஃபேன்?”

“பெரிசாவே போட்டிருக்கேன்.”

டாக்டர் மாத்திரை எழுதினார்.

“பெருக்கறதை விடுங்க. ஈரத் துணியால துடைக்கணும். இவங்க துடைக்கக் கூடாது. வேற யாராவது துடைங்க. அடுத்த ஆளை வரச் சொல்லுங்க.”

வெளியே வந்ததும் சொர்ணம் சொன்னாள்: “இந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியலைங்க. ஈரத்தைப் போயிச் சொல்லுதாரு.”

எனக்கும் அப்படித்தான் பட்டது. மாத்திரை வாங்கினோம். தரையை விட்டுவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போகவில்லை. எங்கள் கூரையில் ஓட்டுக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு உண்டு. காலையில் அதன் வழியாக வெயில் கம்பு மாதிரி இறங்கும். பாயில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொர்ணம் பெருக்க ஆரம்பித்தாள்.

கம்பு தூணாகிவிட்டது.

அவ்வளவு தூசி. தரையிலிருந்து எழும்பியது. வெயிலுக்குள் ஏறியது. நான் கைநீட்டி ஃபேனைப் போட்டேன் — என்ன ஆகிறது பார்ப்போம் என்று. தூண் சுழன்றது. சுழன்று நேரே சொர்ணத்தின் முகத்துக்குப் போனது. நான் சுற்றிய காயில் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

எழுந்து ஃபேனை நிறுத்தினேன். துடைப்பத்தை அவள் கையிலிருந்து வாங்கி வெளியே வைத்தேன்.

“என்னங்க?”

“டாக்டர் சொன்ன மாதிரி துடைச்சிடலாம்.”

“ஈரம் ஆகாதுங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா...”

“தெரிய வேண்டாம்.”

“சரி, யாரு தொடைப்பா? பின் போர்ஷனுக்கு வேலைக்காரி வைப்பாகளா?”

“நான் துடைக்கிறேன்.”

சொர்ணம் சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் இழுப்பாயிற்று. அத்தோடு விவாதம் முடிந்தது.

ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது. பல குடித்தனம் இருக்கிற வீட்டில் ஆண்பிள்ளை எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் செய்யலாம். முற்றத்தில் குளிக்கலாம். சவரம் பண்ணலாம். பெண்டாட்டியைத் திட்டலாம். ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரை துடைத்தால்? மந்தைவெளி மார்க்கெட் வரைக்கும் பேச்சு போகும்.

“கதவைச் சாத்திக்கிட்டுத் துடைக்கிறேன்” என்றேன். “நீ குடத்தை எடுத்துக்கிட்டு வெளியே நில்லு. யார்கிட்டேயும் சொல்லாதே.”

“சத்தியமாச் சொல்ல மாட்டேன்” என்றாள்.

அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

தினமும் காலையில் அவள் வெளியே போவாள். நான் ஜன்னல் சாத்தியிருக்கிறதா பார்ப்பேன். கதவைத் தாழ்ப்பாள் போடுவேன். லுங்கியை மடித்துக் கட்டுவேன். பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து வைத்திருந்தேன்.

துடைப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் துடைத்துப் பார்க்க வேண்டும். முதல் நாள் கதவிலிருந்து ஆரம்பித்துச் சுவரை நோக்கிப் போனேன். கடைசியில் மூலையில் நான், சுற்றிலும் ஈரம். மறுநாளிலிருந்து சுவரில் ஆரம்பித்துக் கதவை நோக்கிப் பின்னாலேயே வந்தேன். முட்டி வலித்தது. வாளித் தண்ணீர் டிகாக்ஷன் நிறத்துக்கு வந்துவிட்டது. அங்கணத்தில் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் எடுத்தேன். அதுவும் டிகாக்ஷன். தினம் பலமுறை பெருக்கின தரை இது.

வெளியே மாமி சொர்ணத்தைப் பிடித்துவிட்டாள்.

“ஏண்டி, தெனமும் கார்த்தால நீ வாசல்ல நின்னுண்டிருக்கே. அவன் கதவைச் சாத்திண்டு உள்ள என்னதான் பண்றான்?”

சொர்ணம் சத்தியம் பண்ணியிருக்கிறாள். என்ன செய்வாள் பாவம்?

“பூஜை பண்ணுதாரு மாமி.”

மாமிக்கு என் மேல் மரியாதை வந்துவிட்டது. அதுவரை என்னை ‘ஃபேன்காரன்’ என்றுதான் சொல்வாள். அன்றைக்குச் சாயங்காலம் நான் சைக்கிளை நிறுத்தும்போது எழுந்து நின்றாள்.

“என்ன உபாசனைப்பா? ஆத்துல எல்லாரும் ஒதுங்கி நிக்கறாப்பல அவ்வளவு கடுமையா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தலையை ஆட்டினேன். பேசாமல் இருந்தது அவளுக்கு இன்னும் பெரிய பக்தியாகப் பட்டிருக்கிறது.

ராணியம்மாவுக்கு அப்படிப் படவில்லை. நான் காலையில் எடுத்துவைக்கிற தண்ணீர்தான் அவள் கண்ணில் பட்டது. “இன்னாமே, வாளி வாளியா மோந்துக்கினு போறாரு உன் வூட்டுக்காரரு? குடிக்கவே தண்ணி இல்ல. சாமி இன்னா, தெனமும் தலைக்குக் குளிக்குதா?”

கடையில் ஏகாம்பரம் என் கையைப் பிடித்துப் பார்த்தான்.

“இன்னா நைனா, வெரல்லாம் ஊறிப்போய் வெள்ளையா கீது? அண்ணி துணி தோய்க்க வெச்சிட்டாங்களா?”

“ஆயில் கழுவினது.”

“ஆயில் கழுவுனா கறுப்பாத்தானே இருக்கணும்?”

காயிலை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன்.

பலன் இருந்ததா என்று கேட்பீர்கள். பாதி இருந்தது. பெருக்குவது நின்றதும் பகலில் இழுப்பு குறைந்தது. மீதி அப்படியே இருந்தது. சாத்திய அறையில் தரை காயவில்லை. ஐப்பசி பிறந்து மழையும் பிடித்துக்கொண்டது. காயட்டும் என்று ஃபேனைப் போட்டேன். சுவர் ஈரமாயிற்று. பாயில் பூஞ்சை வாடை வந்தது. சொர்ணம் குடத்தோடு உள்ளே நுழைந்ததும் தும்முவாள். ஒருநாள் தும்மித் தும்மி மறுபடி இழுப்பு பிடித்துக்கொண்டது. பழைய சத்தம்.

“அம்மா சொன்னதுதாங்க சரி” என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “தீபாவளிக்கு எனக்கு ரெண்டு சேலை கூட எடுத்து வைக்கவா?” என்று கேட்டாள்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. திரும்பி வராதவள்தான் கூட எடுத்து வைப்பாள்.

“எடுத்து வைக்காதே” என்றேன்.

இதற்கு நடுவில் வேலு வந்தான். சொர்ணத்தின் பெரியப்பா மகன். தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. ஊரிலிருந்து வந்த காரச்சேவுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போக ஒருநாள் காலையில் வந்தவன், சொர்ணம் தூறலில் குடத்தோடு வாசலில் நிற்பதைப் பார்த்தான். கதவு சாத்தியிருந்தது.

“ஏன் இங்கன நிக்கே?”

“சும்மா நிக்கேன்.”

“அத்தான் உள்ள இருக்காகளா?”

“இருக்காக.”

“என்ன செய்யுதாக?”

“...பூஜை.”

“அத்தானா? கோயிலுக்குக் கூப்பிட்டா செருப்பைப் பாத்துக்கிடுதேன்னு வெளியவே நிப்பாகளே?”

சொர்ணம் சேவு பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, “நீ போ” என்று அனுப்பிவிட்டாள்.

அவன் போனான். ஊருக்குச் சேதியும் போயிற்று. உடம்புக்கு முடியாத பெண்ணை மழையில் வெளியே நிறுத்திவிட்டு, மாப்பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ பூஜை பண்ணுகிறார். என்ன பூஜை என்று யாரிடமும் சொல்வதில்லை. பெண்ணும் வாய் திறக்கப் பயப்படுகிறாள்.

நீங்கள் பெண்ணைப் பெற்றவராக இருந்தால் என்ன நினைப்பீர்கள்?

மாமனாரும் அதையே நினைத்தார். தீபாவளி வரைக்கும் காத்திருக்கவில்லை. வண்டி பிடித்து எழும்பூரில் வந்து இறங்கிவிட்டார்.

நான் அப்போது பாதி தரையில் இருந்தேன். கதவு அதிர்ந்தது.

“மாப்ளே! கதவைத் திறங்க!”

கையில் துணி. முட்டி வரை ஈரம். லுங்கி மடித்துக் கட்டியிருக்கிறது. வாளியை எங்கே மறைப்பது? ஒரே அறை.

“திறக்கீகளா, உடைக்கவா?”

வெளியே சொர்ணத்தின் குரல்: “அப்பா, வேண்டாம்ப்பா...” மாமியின் குரல்: “பூஜை நடுவுல கதவைத் தட்டப்படாது மாமா, அபசாரம்!” ராணியம்மாவின் குரல்: “நல்லா தட்டு நைனா!”

திறந்தேன்.

மாமனார் பெட்டியோடு நின்றார். பின்னால் சொர்ணம். அவளுக்குப் பின்னால் மாமி, ராணியம்மா, கண்டக்டர். கண்டக்டர் முகத்தில் பாதி சவரச் சோப்பு.

மாமனார் என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் அறையைப் பார்த்தார். எலுமிச்சம்பழம் தேடினார் போலிருக்கிறது.

“கையில என்ன?”

“துணி மாமா.”

“பூஜை?”

“இல்லை.”

“பிறகு?”

“தரை துடைச்சேன்.”

மாமி சொர்ணத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

“இதைத்தான் பூஜைன்னியாடி?” என்றாள். உடனே முன் போர்ஷனைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: “ஏன்னா... செத்த இங்க வந்து பாருங்கோ!”

வீட்டுக்கார மாமா வரவில்லை. அன்றைக்கு அவர் சீக்கிரமாகவே ஆபீசுக்குப் போய்விட்டதாகக் கேள்வி.

சொர்ணம் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர், வெயில், தூசி, சத்தியம். நடுவில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கினாள். மாமனார் கேட்டுக்கொண்டே உள்ளே கால் வைத்தார். வைத்த காலை எடுத்தார்.

“என்ன இது? குளம் மாதிரி ஈரம்! இதுக்குள்ள புள்ளையை வச்சிருக்கீயளா? அவ ஆத்தா என்ன சொன்னா?”

“டாக்டர்...”

“டாக்டர் கிடக்கட்டும். முதல்ல காய வைங்க. கதவை ஏன் அடைச்சீய? ஜன்னலை ஏன் அடைச்சீய?”

அவரே போய் ஜன்னலைத் தள்ளித் திறந்தார். கதவை இரண்டு பக்கமும் விரித்து, சாத்திக்கொள்ளாமல் இருக்கத் தன் பெட்டியை முட்டுக் கொடுத்தார். மழை நின்று கடல் பக்கத்திலிருந்து காற்று வந்தது. ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போயிற்று. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரை ஓரத்திலிருந்து காய ஆரம்பித்தது.

மண்டபத்து ஃபேன் மூலையில் நின்றது. அதற்கு வேலை இல்லை.

மாமனார் பெண்ணைக் கூட்டிப்போகத்தான் வந்திருந்தார். அதை மறைக்கவில்லை. “கொஞ்ச நாள் இருந்து பாக்கேன். சரிப்படலேன்னா தீபாவளி எல்லாம் பாக்க மாட்டேன். கையோட கூட்டிட்டுப் போயிருவேன்” என்றார்.

“சரி மாமா.”

மறுநாள் காலையில் நான் துணியை எடுத்துக்கொண்டு கதவைப் பார்த்தேன். சாத்துவதற்கு இனிமேல் என்ன இருக்கிறது? முழு வீட்டுக்கும் தெரியும். திறந்தே வைத்தேன். மாமனார் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் துடைத்தேன். அவர் பார்த்தார். முற்றத்தில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். கண்டக்டர் மட்டும் பார்க்காத மாதிரி போனார். அவருக்குப் பயம்.

“மூலையில விட்டுட்டீயளே” என்றார் மாமனார்.

மூலையையும் துடைத்தேன்.

காற்று தரையைக் காய வைத்தது. பூஞ்சை வாடை போயிற்று. மாமனார் தினமும் மகளின் மூச்சுக்குக் காது கொடுப்பார். என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். நானும் கேட்க மாட்டேன். மத்தியானம் கடையில் உட்கார்ந்திருக்கும்போது, பெட்டி இன்னும் வாசலில் இருக்குமா, சொர்ணம் இருப்பாளா என்று நினைப்பு ஓடும். ஏகாம்பரம் ஏதாவது கேட்டால் காதில் விழாது.

ஒருநாள் காலை. நான் துடைத்துக்கொண்டிருந்தேன். மாமனார் வாசலில். குழாயடியில் சத்தம் கேட்டது.

“இன்னாமே, உன் கொடம்தான் ஃபர்ஸ்ட்டா? நான் வந்து எம்மா நேரமா நின்னுக்கினு கீறேன்!” ராணியம்மா.

பதில் சொர்ணத்திடமிருந்து வந்தது.

“நேரமா நிக்கீகளா? குடத்தை வச்சிட்டு வீட்டுக்குள்ள போயி காப்பி குடிச்சிட்டு வந்து நேரமா நின்னேங்கீக, குடம் நின்னா ஆள் நின்னதா ஆகுமா, நேத்தும் இப்படித்தான், முந்தாநாளும் இப்படித்தான், வாளி வாளியா எடுக்கோம்னு ஊரெல்லாம் சொல்லுதீகளே, உங்க வீட்டு அண்டா ரொம்புததை யாராச்சும் சொன்னமா...”

துடைக்கிற கை நின்றுவிட்டது.

மாமனார் எழுந்து நின்றார். ஒரு கையைத் தூக்கி என்னைச் சத்தம் போடாதே என்று காட்டினார். இரண்டு பேரும் கேட்டோம். சொர்ணம் நிறுத்தவில்லை. ஒரே மூச்சு. ராணியம்மாவுக்கு நடுவில் புக இடம் இல்லை. அண்டாவிலிருந்து கொடிக்கயிற்றுக்குப் போனாள். கொடிக்கயிற்றிலிருந்து அடுப்புச் சாம்பலுக்குப் போனாள். எங்கேயும் கையைக் காட்டவில்லை. எங்கேயும் அந்தச் சத்தம் இல்லை.

சண்டை முடிந்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் இறக்கவில்லை. எங்களைப் பார்த்துவிட்டு, “என்ன ரெண்டு பேரும் நிக்கீக?” என்றாள்.

“ஒண்ணுமில்ல தாயி” என்றார் மாமனார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழை இல்லை, வெயிலும் இல்லை.

ராணியம்மா முற்றத்திலிருந்து கத்தினாள்: “இன்னா நைனா, பொண்ணை இப்பிடித்தான் வளர்த்தியா?”

“ஆமாம்மா” என்றார் அவர். பெருமையாகத்தான் சொன்னார்.

மறுநாள் அவர் கிளம்பினார். விழுப்புரத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு ஊருக்குப் போவதாகத் திட்டம். பகல் பாசஞ்சரைப் பிடிக்க வேண்டும். பெட்டியை எடுத்தவர் மறுபடி கீழே வைத்தார்.

“மாப்ளே, தொடைச்சாச்சா?”

“நீங்க கிளம்புங்க மாமா. அப்புறம் துடைச்சுக்கறேன்.”

“அதெப்படி? ஆள் பயணம் போன பிறகு வீட்டைக் கழுவித் தொடைக்கக் கூடாதுய்யா. நல்லதில்லை. நான் போயிட்டேன்னா இன்னைக்குப் பூரா தொடைக்க முடியாது. ஒருநாள் விட்டா புள்ளைக்கு என்ன ஆவுறது?”

வந்த அன்றைக்கு ஈரம் ஆகாது என்று கத்தியவர் இப்படிச் சொல்கிறார்.

முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் துடைத்து முடிக்கிறவரை உட்கார்ந்திருந்தார். தரை காய்கிறவரை உட்கார்ந்திருந்தார். சொர்ணம் ‘வண்டி போயிரும்ப்பா’ என்று அவசரப்படுத்தினாள். அவர் அசையவில்லை.

எழும்பூருக்கு நான்தான் கூடப் போனேன். வண்டி நின்றுகொண்டிருந்தது. ஏற்றிவிட்டு ஜன்னல் பக்கத்தில் நின்றேன். விசில் ஊதினார்கள்.

“தீபாவளிக்கு ரெண்டு பேரும் வந்துருங்க மாப்ளே” என்றார்.

“வர்றோம் மாமா.”

“வந்தா ரெண்டு நாள்ல கிளம்பிரணும். அவளையும் கூட்டிக்கிட்டு.”

எனக்குப் புரியவில்லை. பெண்ணை விடவே மாட்டேன் என்றவர் இவர். “ஏன் மாமா?” என்றேன்.

வண்டி நகர ஆரம்பித்தது. அவர் தலையை வெளியே நீட்டிச் சொன்னார்.

“எங்க வீட்டுல தரை தொடைக்க ஆம்பளை யாரும் இல்லையே.”